பௌலிங் ஃபார் கொலம்பைன்: கேள்வி சரி, கணக்கு எங்கே உதைக்கிறது?

மைக்கேல் மூரின் 'பௌலிங் ஃபார் கொலம்பைன்', அமெரிக்காவின் துப்பாக்கி வன்முறை பற்றி 2002இல் வந்த ஆவணப்படம். கான் விழாவில் 55ஆம் ஆண்டுச் சிறப்புப் பரிசு, அடுத்த மார்ச்சில் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர். சுமார் 40 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கட்சி. அமெரிக்காவின் முகத்திரையைக் கிழித்த படம் என்பார்கள், இல்லாவிட்டால் முழுப் பொய் என்பார்கள். இரண்டு பேச்சும் படம் பார்க்க உதவாது. எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் ரிமோட்டை எடுத்து நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் தேவை.

மூரின் கேள்வி இது: கனடாவிலும் துப்பாக்கி இருக்கிறது, அங்கேயும் வன்முறைப் படம் ஓடுகிறது, வேலையில்லாத் திண்டாட்டமும் உண்டு. பிறகு ஏன் அமெரிக்காவில் மட்டும் இத்தனை பிணம்? அவர் கண்ட பதில் பயம். செய்திச் சேனலும் அரசியல்வாதியும் கம்பெனிகளும் ஊட்டி வளர்த்த பயம். என் கருத்தைக் கேட்டால், துப்பாக்கி ஒரு வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதற்கு இந்தப் பதில் நன்றாகவே பொருந்துகிறது. வந்த துப்பாக்கி அதற்குப் பிறகு யாரைக் கொல்கிறது என்ற இடத்தில்தான் படம் கோட்டை விடுகிறது.

முதலில் அந்தப் பிரபலமான எண்ணிக்கை. நாடு நாடாக, ஓர் ஆண்டில் துப்பாக்கியால் கொல்லப்பட்டவர்கள் என்று படம் அடுக்கும்: ஜெர்மனி 381, பிரான்ஸ் 255, கனடா 165, பிரிட்டன் 68, ஆஸ்திரேலியா 65, ஜப்பான் 39. ஒரு சின்ன இடைவெளி விட்டு, அமெரிக்கா 11,127. தியேட்டரே மூச்சடைத்துப் போகும் இடம். ஆனால் மக்கள்தொகையால் யாரும் வகுக்கவில்லை. அன்றைய அமெரிக்காவில் சுமார் 28 கோடிப் பேர், கனடாவில் 3 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு லட்சம் பேருக்கு அமெரிக்காவில் 4, கனடாவில் 0.54, ஜெர்மனியில் 0.46, பிரிட்டனில் 0.12, ஜப்பானில் 0.03. படம் காட்டும்போது அமெரிக்கா கனடாவைப் போல 67 மடங்கு. வகுத்த பிறகு ஏழு மடங்கு சொச்சம். ஏழு மடங்கே ஒரு பணக்கார நாட்டுக்குத் தலைகுனிவுதான். உண்மையே இவ்வளவு கனமாக இருக்கும்போது அதை ஏன் ஊதிக் காட்டினார் என்பதுதான் எரிச்சல்.

அந்த 11,127 எப்படி வந்தது என்பது இன்னும் சுவாரசியம். 1999ஆம் ஆண்டுக்கான அமெரிக்க அரசின் மரணப் பதிவில் துப்பாக்கிக் கொலைகள் 10,828. போலீஸ் சட்டப்படி சுட்டதில் இறந்தவர்கள் 299. கூட்டினால் சரியாக 11,127. அதாவது போலீஸ் சுட்டதும் அந்த எண்ணுக்குள் அடக்கம். மற்ற நாடுகளின் எண்கள் எப்படிக் கூட்டப்பட்டன என்று படம் சொல்வதில்லை. அதே பதிவில் அந்த ஆண்டுக்கு வேறோர் எண்ணும் இருக்கிறது: துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டவர்கள் 16,599. அந்த ஆண்டின் மொத்தத் துப்பாக்கி மரணம் 28,874, அதில் பாதிக்கு மேல் தற்கொலை. இரண்டு மணி நேரப் படத்தில் இந்தக் கூட்டத்துக்கு இடமே கிடைக்கவில்லை. இதைப் பற்றிப் பிற்பாடு பேசுகிறேன்.

கனடாப் பகுதியைப் பார்ப்போம். ஒரு கோடிக் குடும்பம், 70 லட்சம் துப்பாக்கி என்கிறார் மூர். ஆகவே துப்பாக்கியின் எண்ணிக்கையில் குற்றமில்லை, மனசில்தான் குற்றம் என்பது வாதம். உலகெங்கும் துப்பாக்கிகளைக் கணக்கெடுக்கும் ஆய்வு அமைப்பான ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள், நூறு பேருக்கு 120. கனடாவில் நூறு பேருக்கு 35. இரண்டும் ஒன்றல்ல. அதைவிட முக்கியம், என்ன வகைத் துப்பாக்கி என்பது. கனடாவில் பெரும்பாலும் வேட்டைக்கான ரைஃபிளும் ஷாட்கன்னும்தான். கைத்துப்பாக்கியை 1934 முதலே பதிவு செய்தாக வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் எதையும் வாங்க முடியாது. பாதுகாப்புப் பயிற்சி, சாட்சிக் கையெழுத்து, முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு 28 நாள் காத்திருப்பு, உடன் வாழும் துணைக்குத் தகவல் என்று வரிசையாக வேலை இருக்கிறது. 1989இல் மான்ட்ரியல் எகோல் பாலிடெக்னிக் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்ட பிறகு இறுகிய சட்டங்கள் இவை. படம் இதையெல்லாம் தாண்டிக் குதித்துவிட்டு, டொராண்டோவில் பூட்டாத கதவுகளைத் திறந்து காட்டுகிறது. நல்ல நகைச்சுவை. எத்தனை கதவைத் தள்ளிப் பார்த்தார், எத்தனை பூட்டியிருந்தன என்பது மட்டும் திரையில் இல்லை. இந்த மாதிரிக் காட்சி எந்த ஆவணப்படத்தில் வந்தாலும், கண்ணில் படாத மிச்சம் எவ்வளவு என்று கேட்டுவிடுவது நல்லது.

அமெரிக்காவில் ஆளைக் கொல்வது எது என்று எஃப்.பி.ஐ. கணக்கு நேராகவே சொல்கிறது. 2019இல் துப்பாக்கிக் கொலை 10,258. அதில் கைத்துப்பாக்கி என்று தெரிந்தவை 6,368, ரைஃபிள் 364, ஷாட்கன் 200, மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வகை பதிவாகவில்லை. ரைஃபிள் மூட்டையைக் காட்டிக் கனடாவையும் அமெரிக்காவையும் ஒன்றாக்கினால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

இனி எடிட்டிங். இங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று இரண்டு மாணவர்கள் சுட்டதில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். அந்தக் காட்சிகளும் அழுகுரலும் முடிந்த கையோடு, நடிகரும், துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் அன்றைய தலைவருமான சார்ல்டன் ஹெஸ்டன் பழங்காலத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி, செத்த பிறகுதான் இதை என் கையிலிருந்து பிடுங்க முடியும் என்று முழங்குகிறார். உடனே மூரின் குரல்: கொலம்பைன் நடந்து பத்தே நாளில் ஹெஸ்டன் டென்வருக்கு வந்தார். பார்க்கிறவர் மனசில் அந்த முழக்கம் டென்வரில் நடந்ததாகவே பதியும். அது நடந்தது சார்லட் நகரத்தில், 2000 மே மாதம், ஓராண்டுக்கும் மேல் கழித்து. ஹெஸ்டனின் சட்டையையும் டையையும் பாருங்கள், இரண்டு ஷாட்டிலும் வேறு வேறு. தேசிய ரைஃபிள் சங்கம் டென்வர் மாநாட்டை மே 1 அன்று நடத்தியது உண்மை. மேயர் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் உண்மை. பல நாள் நிகழ்ச்சியைச் சங்கம் ஒரே நாளாகச் சுருக்கியது என்பதை மட்டும் படம் சொல்லவில்லை.

டென்வர் பேச்சையே எடுத்துக்கொண்டாலும் அது முழுசாக இல்லை. பேசுகிறவரிடமிருந்து கேமரா திடீரென்று கூட்டத்துக்குப் போகும், குரல் மட்டும் தொடர்ந்து ஓடும். எடிட்டர்கள் ஒட்டை மறைக்கும் இடம் அதுதான். படம் மாறினாலும் ஒலி அறுபடாததால், இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் வெட்டிப்போட்ட பத்திகள் இருப்பது நமக்கு உறைக்காது. பேட்டிகளிலும் செய்தித் துண்டுகளிலும் எல்லோரும் பயன்படுத்தும் உத்திதான். வெட்டியதால் பேசியவரின் பொருள் மாறிற்றா என்பதுதான் கேள்வி. இங்கே மாறியது. படம் பார்த்தால் ஹெஸ்டன் துக்கத்தில் இருக்கும் ஊருக்கு வந்து சவால் விட்டது போலிருக்கும்.

ஃபிளின்ட் பகுதியிலும் இதே வித்தைதான். 2000 பிப்ரவரி 29 அன்று மிச்சிகனின் ஃபிளின்ட் அருகே பியூவெல் தொடக்கப் பள்ளியில், ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் வகுப்பில் படித்த ஆறு வயதுச் சிறுமியைச் சுட்டுவிட்டான். அங்கேயும் ஹெஸ்டன் உடனே வந்து கூட்டம் போட்டது போலப் படம் நகரும். அவர் வந்தது ஏறக்குறைய எட்டு மாதம் கழித்து, அந்த ஆண்டு அதிபர் தேர்தல் பிரசாரத்துக்காக. கொலைக்காகச் சிறையில் இருந்து, விடுப்பில் வெளியே வந்த வில்லி ஹார்ட்டன் பற்றிய விளம்பரத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1988 தேர்தல் விளம்பரத்தின் மேல், மூலத்தில் இல்லாத ஒரு வரியைப் படக்குழுவே ஏற்றியது: விடுதலையானான், மறுபடி கொன்றான் என்று. ஹார்ட்டன் மறுபடி செய்தது கொலை அல்ல, பாலியல் வன்கொடுமை. டிவிடியில் அந்த வரியைத் திருத்தினார்கள். ஆக எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்பதும் கணக்கில் சேரும்.

நடுவில் வரும் மூன்று நிமிடக் கார்ட்டூன் குறித்து ஒரு சின்னக் குறிப்பு. அது 'சவுத் பார்க்' கார்ட்டூன் தொடரின் ஆட்கள் செய்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அந்தத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான மேட் ஸ்டோன் படத்தில் பேட்டி மட்டும்தான் கொடுத்தார். பேட்டி முடிந்த கையோடு அந்தக் கார்ட்டூன் வருவதால் வந்த குழப்பம் அது. கார்ட்டூனில் வெள்ளை நிறவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளானையும் ரைஃபிள் சங்கத்தையும் ஒரே தொட்டிலில் போட்டிருப்பது தப்பு. 1871இல் நியூயார்க்கில் சங்கத்தைத் தொடங்கியவர்கள் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த அதிகாரிகள், தங்கள் சிப்பாய்களுக்குக் குறி பார்க்கத் தெரியவில்லையே என்ற கவலையில். க்ளானை ஒடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் கிராண்ட், பிற்பாடு அதே சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். சங்கம் இன்றிருக்கும் அரசியல் வடிவத்துக்கு வந்தது 1977க்குப் பிறகு.

படத்தின் முதல் காட்சி வங்கி. மிச்சிகனில் ஒரு வங்கி, நீண்ட கால வைப்புக் கணக்கு தொடங்கினால் துப்பாக்கி தருகிறது. மூர் போகிறார், படிவம் நிரப்புகிறார், ரைஃபிளோடு வெளியே வருகிறார். வழக்கமாக இப்படி ஒரே வருகையில் கையில் கொடுப்பதில்லை, படக்குழு முன்கூட்டியே ஏற்பாடு செய்தது என்று வங்கித் தரப்பில் பிறகு சொன்னார்கள். எனக்கு இந்தச் சண்டையைவிட அவர் நிரப்பும் படிவம் முக்கியம். அது மத்திய அரசின் 4473ஆம் எண் படிவம். சிறைத்தண்டனைக் குற்றம், போதைப்பழக்கம், குடும்ப வன்முறைத் தண்டனை, நீதிமன்றத் தடையுத்தரவு, மனநலம் குறித்த நீதிமன்றத் தீர்ப்பு இவையெல்லாம் உண்டா இல்லையா என்று கேட்கும். மூர் மனநலக் கேள்வியை வைத்து ஒரு ஜோக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைகளைக் காட்டியிருந்தால் படம் வேறு தளத்துக்குப் போயிருக்கும்.

ஓட்டைகள் இப்படி. லைசன்ஸ் உள்ள கடைக்காரர் படிவத்தை வாங்கி எஃப்.பி.ஐ.யின் கணினிச் சரிபார்ப்புக்கு அனுப்புவார். 1998 நவம்பரில் தொடங்கிய முறை இது. பதில் மூன்றில் ஒன்றாக வரும்: கொடு, கொடுக்காதே, பொறு. பொறு என்று வந்து மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் கொடுத்துவிடலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி போனது இந்த வழியில்தான். அவனுடைய போதை வழக்கு விவரம் சரியான மேசைக்கு வந்து சேரவில்லை, மூன்று நாள் ஓடிவிட்டது. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. லைசன்ஸ் இல்லாத தனிநபர் விற்றால் மத்திய சட்டப்படி சரிபார்ப்பே கிடையாது. மாநிலச் சட்டம் தனியாகக் கேட்டால்தான் உண்டு.

கொலம்பைன் துப்பாக்கிகள் இந்த இரண்டாவது ஓட்டை வழியாக வந்தவை. மொத்தம் நான்கு: இரண்டு ஷாட்கன், ஒரு 9 மி.மீ. கார்பைன் (குட்டையான ரைஃபிள்), ஒரு டெக்-9 கைத்துப்பாக்கி. முதல் மூன்றையும் 18 வயது நிரம்பிய தோழி ஒருத்தி துப்பாக்கிக் கண்காட்சியில் தனிநபர்களிடம் வாங்கிக் கொடுத்தாள். படிவம் இல்லை, சரிபார்ப்பு இல்லை. நான்காவது, தெரிந்தவர் மூலம் 500 டாலருக்கு வந்தது. 2000 நவம்பரில் கொலராடோ மக்கள் வாக்கெடுப்பு நடத்திக் கண்காட்சி விற்பனைக்கும் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். இவ்வளவு துல்லியமாகத் தடம் தெரிந்த ஒரு வழக்கை வைத்துக்கொண்டு, படம் அந்தப் பள்ளி இருக்கும் லிட்டில்டன் பகுதியில் ஆயுதக் கம்பெனியான லாக்ஹீட் மார்ட்டினின் ராக்கெட் தொழிற்சாலைக்குப் போய், அப்பா ஏவுகணை செய்தால் பிள்ளை என்ன செய்வான் என்று யோசிக்கிறது. அங்கே அப்போது செய்துகொண்டிருந்தவை பெரும்பாலும் செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட்டுகள்.

கேமார்ட் காட்சிக்கு மட்டும் எழுந்து நின்று கைதட்டலாம். கொலம்பைனில் காயம்பட்ட இரண்டு மாணவர்களை மூர், கேமார்ட் என்ற பெரிய கடைத் தொடரின் ட்ராய் நகரத் தலைமையகத்துக்கு அழைத்துப் போகிறார். அவர்கள் உடம்பில் இன்னும் அந்தக் கடையில் வாங்கிய தோட்டா இருக்கிறது. முதல் நாள் மழுப்புகிறார்கள். மறுநாள் பத்திரிகையாளர்களோடு திரும்பி வந்ததும், கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை 90 நாளில் நிறுத்துவதாக நிறுவனம் அறிவிக்கிறது. படம் எடுப்பதே ஒரு செயலாக மாறும் இடம். வால்மார்ட் அதே முடிவுக்கு வர 2019 ஆனது, அதுவும் எல் பாசோ நகரத்தில் அதன் கடையிலேயே மக்கள் சுடப்பட்ட பிறகு.

சரி, பயம். இந்த விஷயத்தில் மூர் காலத்துக்கு முன்னால் ஓடினார். சமூகவியலாளர் பாரி கிளாஸ்னரோடு லாஸ் ஏஞ்சலஸின் ஃபுளோரன்ஸ், நார்மண்டி சந்திப்பில் நின்று, 90களில் கொலைகள் 20 சதவீதம் குறைந்தபோது தொலைக்காட்சியில் கொலைச் செய்தி 600 சதவீதம் கூடியது என்று பேசுகிறார். படம் வந்த பிறகான கணக்குகளும் அவருக்குத் துணை நிற்கின்றன. எஃப்.பி.ஐ. கணக்கில் 1993க்கும் 2022க்கும் இடையே வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதே காலத்தில் கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் கேட்டபோதெல்லாம், குற்றம் போன வருஷத்தைவிடக் கூடிவிட்டது என்றே பெரும்பாலான ஆண்டுகளில் பெரும்பான்மை அமெரிக்கர்கள் சொன்னார்கள். 1999இல் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் முக்கியக் காரணமாகப் பாதுகாப்பைச் சொன்னவர்கள் 26 சதவீதம், வேட்டையைச் சொன்னவர்கள் 49. பியூ என்ற ஆய்வு மையம் 2013இல் கேட்டபோது பாதுகாப்பு 48, வேட்டை 32. 2023இல் பாதுகாப்பை ஒரு பெரிய காரணமாகச் சொன்னவர்கள் 72 சதவீதம். கடைசிக் கேள்வி வேறு விதமாகக் கேட்கப்பட்டது, ஆகவே நேராக ஒப்பிடக் கூடாது, ஆனால் திசை தெளிவு.

வேட்டைக்காரனின் ரைஃபிள் சீசன் முடிந்தால் பெட்டிக்குள் போகும், தோட்டா தனியாக இருக்கும். பயத்துக்கு வாங்கிய கைத்துப்பாக்கி அப்படிப் போகாது. இருட்டில் கை எட்ட வேண்டும், உடனே சுட வேண்டும், ஆகவே கட்டில் பக்கத்து மேசை டிராயரில், தோட்டா நிரப்பி, பூட்டாமல் கிடக்கும். திருடன் வருகிற இரவுக்காக வைத்தது, திருடன் வராத மற்ற எல்லா நாளும் அந்த வீட்டார் கைக்கெட்டும் தூரத்தில். குடும்பச் சண்டை, குழந்தையின் விளையாட்டு, மனம் உடைந்த ஒரு மாலை, எல்லாமே அந்த டிராயருக்குப் பக்கத்தில்தான் நடக்கின்றன.

தற்கொலைக் கணக்கு இங்கேதான் வந்து சேர்கிறது. 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728. அதில் தற்கொலை 27,300, கொலை 17,927. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் வந்து தணியக்கூடியது. தப்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. துப்பாக்கி கையில் கிடைத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை, அந்த எண்ணம் தணிய நேரமே இல்லை. ஆகவே இந்த மரணங்களைக் குறைக்க நினைப்பவர்கள் மனசை மாற்றும் பிரசாரத்தோடு நிற்பதில்லை. துப்பாக்கிக்கும் ஆளுக்கும் நடுவில் சில நிமிஷத்தையாவது நுழைக்கப் பார்க்கிறார்கள்: வாங்கும்போது காத்திருப்பு நாள், வீட்டில் பூட்டு, தோட்டாவைத் தனியே வைத்தல், நெருக்கடியில் இருப்பவரின் துப்பாக்கியைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தல்.

படம் தவறவிட்ட இன்னொரு கூட்டமும் உண்டு. கறுப்பின ஆணைக் காட்டி வெள்ளையர்களைப் பயமுறுத்தும் செய்திகளை மூர் அருமையாகக் கிழிக்கிறார். ஆனால் துப்பாக்கிக் கொலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், மக்கள்தொகையில் அவர்கள் பங்கு ஏழில் ஒன்று மட்டுமே. பயத்தின் பொருளாக அவர்கள் படத்தில் வருகிறார்கள், பலியாகிறவர்களாக அநேகமாக வருவதில்லை. புறநகர்ப் பள்ளியை மையத்தில் வைத்ததற்குக் கொடுத்த விலை அது.

பியூவெல் பள்ளிப் பையன் விஷயத்தில் மூர் தாயின் நிலைமையைப் பிடித்துக்கொள்கிறார். அரசு உதவி பெறுவதற்காகத் தினமும் பஸ்ஸில் வெகு தூரம் போய் இரண்டு வேலை பார்த்தவள், வாடகை கட்ட முடியாமல் வீட்டை இழந்து பிள்ளையைத் தன் சகோதரன் வீட்டில் விட்டவள். படத்தின் மிக நேர்மையான பகுதி இதுதான். அந்த வீட்டில் தோட்டா நிரப்பிய .32 கைத்துப்பாக்கி ஆறு வயதுக் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பதில் மட்டும் அவர் நிற்பதில்லை. துப்பாக்கியை அங்கே விட்டுவைத்தவன் சிறைக்குப் போனான். அன்றைய மிச்சிகனில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம் இல்லை.

2021 நவம்பர் 30 அன்று அதே மாநிலத்தில், ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களை 15 வயதுப் பையன் ஒருவன் கொன்றான். நான்கு நாள் முன்பு அப்பா வாங்கிய 9 மி.மீ. கைத்துப்பாக்கி. 2024இல் தாய், தந்தை இருவரையும் தனித்தனி ஜூரி குற்றவாளிகள் என்று தீர்த்தது, இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் மிச்சிகனின் பூட்டு வைக்கும் சட்டமும் நடைமுறைக்கு வந்தது: சிறுவர் இருக்கும் அல்லது வரக்கூடிய இடத்தில் கவனிப்பாரற்று இருக்கும் துப்பாக்கி பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டு மாட்டியிருக்க வேண்டும். மீறியதால் சிறுவர் கையில் போய் ஓர் உயிர் போனால் 15 ஆண்டு வரை சிறை.